சாலிஹ் கொண்டு வந்த தட்டு

1970ஆம் ஆண்டு நவம்பர் மாதத்துப் பௌர்ணமிப் போயா விடுமுறை நாள், காலை பத்தரை மணிக்கு எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். என் தம்பி சிவஞானம் ஜன்னலை ஒட்டிய சாய்மனைக் கதிரையில், சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி மங்களேஸ்வரி குசினி வாசற்படியில், மடியில் அரிசி பொறுக்கும் சுளகோடு. தெருக்கதவுக்குப் பக்கத்தில் கிடந்த நீள மர வாங்கின் ஒரு முனையில் பழனிமுத்து, மறு முனையில் சாலிஹ். இருவருக்கும் நடுவே இன்னொருவர் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது. அந்த இடத்தில் இரண்டு பித்தளைத் தட்டுகளை வைத்திருந்தார்கள். நான் என் எழுத்து மேசையடியில், கதிரையைச் சபையைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தேன். பெண் கேட்டு வரும்போது பெண் உள்ளே இருக்க வேண்டும் என்பது முறை. எனக்கு நாற்பத்தொரு வயது. இவர்களை அன்றைக்கு வரச் சொன்னவளும் நான்தான். ஆகையால் உள்ளே போகவில்லை.

தட்டுகளில் ஒரு கட்டு வெற்றிலை, கொட்டைப்பாக்கு, கோழிக்கூட்டு வாழைப்பழம் ஒரு சீப்பு, தேங்காய், கற்கண்டு, ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம், ஒரு சீசா பன்னீர். எல்லாவற்றையும் வாங்கி அடுக்கிக் கொண்டு வந்தவர் சாலிஹ். பழனிமுத்துவுக்குத் தாய் தகப்பன் இல்லை, கூடப் பிறந்தவரும் இல்லை. மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் யாராவது ஒருவர் தட்டோடு வரவேண்டுமே என்று பேச்சு வந்தபோது, "அவனுக்கு ஆரு இரிக்கா? நான் வாரேன்" என்று சாலிஹ்தான் சொன்னார்.

"தட்டு ரெட்டைப்படையில கொண்டு வருவாங்களா?" என்று மங்களேஸ்வரி சுளகைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "மூணு வரணும். இல்லேன்னா அஞ்சு."

"எனக்கு ஆரும் செல்லல்லயே, தங்கச்சி" என்றார் சாலிஹ். "தெரிஞ்சிருந்தா ஒன்ன வீட்ல வச்சிட்டு வந்திருப்பேன்."

"அதுவும் சரிதான். நான் இந்த மாதிரி ஒரு சம்பந்தியப் பாத்ததே இல்லை. தொப்பியோட வந்து வெத்தல பாக்கு வைக்கிறாரு."

முதலில் சிரித்தவர் சாலிஹ்தான். பழனிமுத்து சிரிக்கவில்லை. அவனுடைய காற்சட்டைப் பையில் இந்தியப் பாஸ்போட் இருந்தது. ஜனவரி முப்பத்தோராம் திகதிக்குள் இலங்கையை விட்டுப் போக வேண்டும் என்று அதோடு வந்த காகிதத்தில் இருந்தது. அதைத் தடுக்கத்தான் இந்தக் கூட்டம். அந்தப் பாஸ்போட் வந்ததற்குக் காரணம் நான்.

எங்கள் அப்பா மாத்தளையில் ஊராருக்குப் பெட்டிசம், மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். அவர் போன பிறகு அவருடைய மேசை எனக்கு வந்தது. நான் படித்தது ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எஸ்.எஸ்.சி. வரைக்கும்தான். ஆனால் தமிழிலும் இங்கிலீசிலும் ஒரு காகிதத்தைத் தலையும் வாலும் சரியாக எழுத எனக்கு வரும். சாலிஹும் பழனிமுத்துவும் முதல் தடவை வந்தது 1959இல். கல்யாண வீடு, கோயில் திருவிழா, பௌத்தப் பன்சலையில் பிங்கம என்னும் புண்ணிய விழா என்று ஒலிபெருக்கி கட்டுகிற கடை அப்போதுதான் தொடங்கியிருந்தார்கள். ஒலிபெருக்கி கட்டப் பொலிஸ் அனுமதி வேண்டும். எந்த நாள், எந்த இடம், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எத்தனை ஒலிபெருக்கிக் கூம்பு, அவை எந்தத் திசையைப் பார்த்து இருக்கும் என்று ஒவ்வொரு தடவையும் எழுதிக் கொடுக்க வேண்டும். பல்லேகம, பல்லேபொல, தம்புள்ளை என்று பதினொரு வருஷத்தில் நான் அவர்களுக்கு நானூற்றுக்கு மேல் அனுமதிக் காகிதம் எழுதியிருப்பேன். சாலிஹ் வயர் வேலை. பழனிமுத்துவுக்குக் குரல். அவன் மைக்கைப் பிடித்தால் காணாமற்போன பிள்ளைகூடத் தானாக வந்து நிற்கும். தம்புள்ளையில் ஒரு கல்யாண வீட்டில், "ஹலோ, மைக் டெஸ்ட், கமலாட்சி அக்கா சாப்பிட்டாச்சா? சாப்பிடலேன்னா சாப்பிடவும்" என்று சொல்லிப் பார்த்தானாம். யார் அந்தக் கமலாட்சி என்று மாப்பிள்ளை வீட்டார் பெண்வீட்டாரைக் கேட்டுக்கொண்டிருந்தார்களாம்.

பழனிமுத்துவைப் பற்றி முதலில் எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? மூன்றாவது வருஷத்து நோன்பு மாதம். ஒரு பகல் இருவரும் காகிதத்துக்கு வந்தார்கள். சாலிஹுக்கு நோன்பு என்று எனக்குத் தெரியும். அதனால் பழனிமுத்துவுக்கு மட்டும் தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தேன்.

"வேணாங்கக்கா."

"ஏன், உங்களுக்கு என்ன நோன்பா?"

"அவர் குடிக்காம நான் குடிச்சா எப்படி இறங்கும்?"

சாலிஹ் உடனே, "முப்பது நாளும் இதே கூத்து. நான் பிடிக்கிறது அல்லாவுக்கு. இவன் ஆருக்குப் பிடிக்கிறான்னு கேளுங்க" என்றார். சொல்லிவிட்டுக் காது சிவந்து, கூம்புகளின் எண்ணிக்கையை மறந்துபோய் இரண்டு தடவை தப்பாகச் சொன்னார். புருஷன் பெண்சாதிக்குள் இருப்பது இவர்களுக்குள் இருக்கிறது என்று எனக்கு அப்போது தெரிந்தது. என் நினைப்பு அந்தத் தேத்தண்ணி ஆறுவதற்குள் போய்விட்டது. கொஞ்ச நாள் அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. பிறகு அதில் வேறொரு பிரியம் வந்து உட்கார்ந்தது. எனக்கென்று வேறு எதுவும் வேண்டாம், இந்த இரண்டு பேரும் கடை மாடியில் சமைத்துச் சண்டைபோட்டுக்கொண்டு இருக்கட்டும், போயாவுக்குப் போயா என் வாங்கில் வந்து உட்காரட்டும் என்று.

தம்பி எனக்கு முந்திக் கல்யாணம் செய்துகொண்ட அன்று ஒலிபெருக்கி கட்டியதும் இவர்கள்தான். என்னைப் பார்த்து எந்தப் பெண்ணாவது, "மூத்தவ இருக்கிறப்போ..." என்று தொடங்கினால் போதும், சாலிஹ் சத்தத்தைக் கூட்டிவிடுவார். அன்று சாயங்காலம் வரைக்கும் ஒருவராலும் அந்த வசனத்தை முடிக்க முடியவில்லை.

இனி என் தப்பு.

1968 ஜூன் மாதம் சாலிஹின் உம்மா பல்லேபொலயில் ஒரு பெண் பார்த்திருந்தார். சாலிஹ் தாயின் மனம் நோகக் கூடாது என்று பெண் பார்க்கப் போய்வந்தார். பழனிமுத்து அடுத்த நாள் காலை என் மேசைக்கு வந்தான். அவனுக்கு எந்த நாட்டுப் பிரஜாவுரிமையும் இல்லை. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். இரண்டு அரசாங்கமும் செய்த ஒப்பந்தப்படி, அந்த வருஷம்தான் அப்படிப்பட்டவர்களிடம் இந்தியாவா, இலங்கையா என்று மனு எடுக்கத் தொடங்கியிருந்தார்கள்.

"இந்தியா ஃபாரம் எழுதுங்கக்கா."

"பழனி, கோபத்துல எழுதுற காகிதம் இல்ல இது."

"எனக்குக் கோபம் இல்ல. அவர் குடும்பம் வைக்கட்டும். நான் போய்த் தொலையிறேன்."

எழுதினேன். எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் எழுதி, படத்தையும் ஒட்டினேன். கையெழுத்து வைத்துவிட்டு, "போடுறதா வேணாமான்னு நாளைக்கு வந்து சொல்றேன்" என்று போனான். நாளைக்கு வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. பல்லேகமத் திருவிழாவுக்குப் போனவர்கள், மழையில் பாதை உடைந்து அங்கேயே ஐந்து நாள் நின்றுவிட்டார்கள். எனக்கு அது தெரியாது. வரவில்லை என்றால் மனம் மாறவில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். கையெழுத்து வைத்த காகிதம் அனுப்புவதற்கான காகிதம் என்பது அப்பா காலத்துப் பழக்கம். மேசையில் கிடந்து பழுதாகிவிடும், ஆள் வந்து என்னைக் கேட்பான் என்றுதான் நினைத்தேன். நாலாம் நாள் பதிவுத் தபாலில் போட்டேன்.

ஆறாம் நாள் இருவரும் சேறு படிந்த கால்களோடு சிரித்துக்கொண்டு வந்தார்கள். பல்லேபொலப் பேச்சை விட்டாயிற்று, வரும் வழியில் உம்மாவிடமும் சொல்லியாயிற்று.

"அந்த ஃபாரத்தக் கிழிச்சிருங்கக்கா."

நான் பதிவுத் துண்டை எடுத்து நீட்டினேன். அவர்கள் ஏசியிருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும். சாலிஹ், "வாபஸ் வாங்க ஒரு காகிதம் எழுதினாச் சரிதானே?" என்று கேட்டார். ஒன்றல்ல, ஏழு எழுதினேன். கவனிக்கப்படுகிறது என்று மூன்றுக்குப் பதில் வந்தது. இரண்டு வருஷம் கழித்துப் பாஸ்போட் வந்தது.

நான் இலங்கையின் பதிவுப் பிரஜை. அப்பா உயிரோடு இருந்தபோதே எங்களுக்குப் பத்திரம் எடுத்துவிட்டார். இலங்கைப் பிரஜை ஒருத்தியின் புருஷன் என்று பழனிமுத்து பேரில் ஒரு மனுப் போட்டுப் பார்க்கலாம் என்று எனக்குப் பட்டது. கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை, கிடைக்காது என்றும் சொல்லவில்லை. கடைக்கே போய் இருவரிடமும் சொன்னேன். பழனிமுத்து, "உங்களுக்கென்ன பைத்தியமாக்கா?" என்றான். சாலிஹ் ஒரு கூம்பைத் துடைத்துக்கொண்டே நின்றார். துடைத்து முடித்து, "அக்காவுக்குச் சம்மதம்னா எனக்கு ரெண்டு மடங்கு சம்மதம்" என்றார். கல்யாணம் பேப்பரில்தான், இருக்கிற இடத்தில் அவரவர் இருப்பது என்று பேசிக்கொண்டோம். ஆனால் நான் இருப்பது தம்பியின் வீடு. விசாரணைக்கு வந்தால் அவன் வாயால் ஒரு வார்த்தை வேண்டும். அதற்காகத்தான் தட்டு.

"அக்கா" என்று சிவஞானம் தொடங்கினான். "பதினொரு வருஷமா இந்த ரெண்டு பேரும் உன் மேசைக்கு வந்து போறாங்க. பழனிக்காகத்தான் நீ கல்யாணம் வேணாங்கிறேன்னு பாதி ஊர் சொல்லுது. மிச்சப் பாதி வேற சொல்லுது."

"வேற என்ன சொல்லுது?"

அவன் வாங்கைப் பார்த்தான், பிறகு ஜன்னலைப் பார்த்தான். "அத எதுக்கு இப்ப?" என்றான். முடியாது என்று அவன் சொல்லப்போகும் பதிலுக்கு நான் தயாராக இருந்தேன். என்னென்ன சொல்வது என்று ஒரு துண்டில் குறித்தும் வைத்திருந்தேன். அவன் சொன்னது வேறு.

"எனக்குச் சம்மதம். செஞ்சுக்க."

மங்களேஸ்வரி அரிசி பொறுக்குவதை நிறுத்தினாள்.

"ஆனா கல்யாணம்னா கல்யாணம். பழனி இந்த வீட்டுக்கு வந்துறணும். கடை மாடியக் காலி பண்ணணும். இந்த மைக் தூக்குற வேலைய விட்டா, கொக்கோ ஸ்டோர்ல நான் ஒரு இடம் கேட்டுக் குடுக்கிறேன். சாலிஹ் நானா, நீங்க தட்டு கொண்டு வந்தீங்க, சந்தோஷம். அதோட உங்க பங்கு முடிஞ்சிச்சு. இந்த வாசல்லயும் சரி, அவரு பக்கத்துலயும் சரி, இனிமே உங்களப் பாக்கக் கூடாது."

"நான் அப்படிக் கேக்கலையே, சிவஞானம்" என்றேன்.

"நீ கேக்கல. விசாரிக்க வர்றவன் கேப்பான். புருஷன் எங்கன்னு கிராம சேவகர் வந்து கேட்டா, கடை மாடியில நானாவோட இருக்காருன்னு சொல்லவா? நீயே சொல்லு. நீதானே ஃபாரம் எழுதுறவ."

அந்த மனுவில் பதினாலாவது கேள்வி, கணவனும் மனைவியும் ஒரே கூரையின் கீழ் வசிக்கிறார்களா என்பது. எனக்கு அது தெரியும். மனுவை மூன்று தடவை வாசித்தவள் நான். மூன்று தடவையும் அந்தக் கேள்வி வரும்போது கண்ணை அடுத்த வரிக்குக் கொண்டுபோயிருந்தேன். தம்பி கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவன் சொன்னதில் ஒரு பிழையும் இல்லாததுதான் பெரிய கஷ்டமாக இருந்தது.

சாலிஹ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "சரிங்க. ஒத்துக்கிறேன்."

"சாலிஹ் நானா" என்றான் பழனிமுத்து.

"நீ சும்மா இரு. ரோட்டுல கண்டா ஒரு தலையாட்டு ஆட்டலாம் தானே?"

"அதுவும்தான் வேணாங்கிறேன்" என்றான் சிவஞானம். "ஊரே பாத்துக்கிட்டிருக்கும்."

"அப்ப அதுவும் வேணாம். இவன் மாத்தளையில இருந்தாச் சரி. கோயில் தேருக்கு நான் கூம்பு கட்டுவேன். கூட்டத்துல எங்கயோ நிப்பான். என்ட கூம்புச் சத்தம் அவனுக்குக் கேக்கும். எனக்கு அது போதும்."

"எனக்குப் போதாது" என்றான் பழனிமுத்து. சபையைப் பார்த்துச் சொல்லவில்லை. நடுவில் இருந்த தட்டுகளைப் பார்த்துச் சொன்னான். "இதே ஊர்ல இருந்துகிட்டு, நீங்க வர்ற பக்கம் பாத்து நான் மத்தப் பக்கம் திரும்பிப் போகணுமா? எத்தன வருஷத்துக்கு? அதுக்கு நான் இந்தியாவுல மண்டபம் கேம்புக்கே போறேன். அங்கேன்னா நடுவுல கடல் இருக்கு, அதனாலதான் பாக்க முடியலன்னாவது இருக்கும்."

"பழனி, யோசிச்சுச் சொல்லு" என்றேன். "இருந்தா எப்பவாவது ஒரு வழி வரும்."

"என்ன வழி, அக்கா?"

துண்டில் குறித்து வைத்திருந்த எதுவும் இதற்குப் பொருந்தவில்லை.

"உங்களுக்கு ஒரு வீட்டுக்காரர் வேணும்னா நான் தகுதி இல்ல. எனக்காக நீங்க ஒரு பேரையும் கெடுத்துக்க வேணாம்."

"எனக்கு வீட்டுக்காரர் வேணாம், பழனி. நீங்க ரெண்டு பேரும் இங்க இருக்கணும். அவ்வளவுதான்."

"அது உங்க தம்பி குடுக்கிற சம்மதத்துல இல்லையே. ஃபாரத்துலயும் இல்ல."

எழுந்து ஒரு தட்டை எடுத்தான். சாலிஹ் இன்னும் உட்கார்ந்திருந்தார். சிவஞானம் கதிரைக் கையைத் தடவிக்கொண்டு, "நான் வேணாம்னு சொல்லல. அது எல்லாரும் கேட்டீங்க" என்றான். அதுவும் உண்மை.

மங்களேஸ்வரி சுளகைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். "வச்ச தட்ட அப்படியே திருப்பிக்கிட்டுப் போகக் கூடாது" என்று சீப்பிலிருந்து இரண்டு பழத்தைப் பிய்த்து எடுத்தாள். அவளுக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை என்று நினைக்கிறேன். சாலிஹ் பேரீச்சம்பழப் பொட்டலத்தையும் எடுத்து அவள் கையில் வைத்தார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வேறு வழிகளையும் பார்க்காமல் இல்லை. சாலிஹும் கூடப் போனால் என்ன என்று ஒரு நாள் முழுக்க யோசித்தோம். சாலிஹ் பரம்பரையாக இந்த ஊர்க்காரர். இந்தியா அவருக்குக் கொடுப்பது சில மாத விசா. அது முடிந்தால் அங்கே அவர் அந்நியர். இங்கே உம்மாவுக்கு ஒரு கண் மங்கிவிட்டது. எட்டாவது காகிதமாக ஒரு மேன்முறையீடும் எழுதினேன். கவனிக்கப்படுகிறது என்று அதற்குப் பதில் வந்தது.

டிசம்பர் முதல் வாரம், புறப்படும் அறிவித்தல் என்று ஒரு படிவம் வந்தது. பதினாலு நாளுக்குள் நிரப்பி அனுப்ப வேண்டும். அது கிடைத்த பிறகு கப்பல் நாள் குறிப்பார்கள். அனுப்பாவிட்டால் பொலிஸ் வரும் என்று கீழே சின்ன எழுத்தில் இருந்தது. ஒரு வியாழக்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்கு இருவரும் வந்தார்கள். மழை பிடித்திருந்தது. வாங்கில் இந்தத் தடவை பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். தம்பி வேலையில். மங்களேஸ்வரி இரண்டு பேருக்கும் தேத்தண்ணி கொண்டு வந்து வைத்துவிட்டுக் குசினிக்குப் போனாள்.

பேர், பிறந்த தோட்டம், பாஸ்போட் இலக்கம் எழுதினேன். கொண்டு போகும் சாமான்கள் என்ற இடத்துக்கு வந்தேன்.

"ரெண்டு சாரம், நாலு சேர்ட், ஒரு தகரப் பெட்டி" என்றான் பழனிமுத்து.

"மைக்கையும் எழுதுங்க" என்றார் சாலிஹ்.

"மைக் எதுக்கு நானா? அங்க போய் நான் யாருக்குப் பேசுறது?"

"எனக்கு இங்க எதுக்கு? நான் வயர்க்காரன். நான் பேசினா மாடு வெருளும்."

"மாடு வெருண்டாலும் பரவாயில்ல, வச்சிருங்க. பேசிப் பழகுங்க."

கொஞ்ச நேரம் அதில் சண்டை பிடித்தார்கள். எனக்கு அந்தச் சண்டை முடிய வேண்டாம் என்றிருந்தது. கடைசியில் மைக்கை எழுதவில்லை.

இந்தியாவில் போய்ச் சேரும் இடம்: தெரியாது. அங்குள்ள உறவினர்: எவருமில்லை. அடுத்து, கூடப் போகிறவர்கள். பேர், வயது, உறவு முறை என்று மூன்று கட்டம்.

"அதுல என்ன எழுதுவீங்க?" என்று சாலிஹ் கேட்டார்.

"பெண்சாதி, பிள்ளைங்க, தாய் தகப்பன், கல்யாணமாகாத சகோதரி. இவங்கதான் எழுதலாம். இல்லேன்னா கோடு போடணும்."

"வேற பேர் எழுதினா?"

"பிழைன்னு திருப்பி அனுப்புவாங்க. ஏன்னு கேட்டு ஒரு காகிதம் வரும், புது ஃபாரம் ஒண்ணு வரும். அவங்க வேகத்துக்கு ஆறு கிழமை, ஒன்றரை மாசம் போயிரும்."

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. இருவரும் என்னைப் பார்க்கவில்லை. சாலிஹ் கூரையில் மழை விழும் சத்தத்தைக் கவனிப்பது போல் இருந்தார்.

பேனையைத் தோய்த்து, பேர் என்ற கட்டத்தில் அவர் பேரை முழுவதும் எழுதினேன். முஹம்மது சாலிஹ். வயது, முப்பத்தொன்பது. உறவு முறை என்ற கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை. கோடும் போடவில்லை.

பழனிமுத்து எழுந்து வந்து மேசைக்கு மேலால் எட்டிப் பார்த்தான். அவனுக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டி வாசிக்க வரும். கொஞ்ச நேரம் எடுத்தது.

"இது திரும்பி வருமே, அக்கா."

"வரும்."

"வந்தா?"

"திருத்தி அனுப்பணும்."

"திருத்தி அனுப்பினா?"

"நாள் குறிப்பாங்க. எப்படியும் ஜனவரியில போக முடியாது. மார்ச் ஆகலாம்."

"மார்ச்சுல பல்லேகமயில ஒரு கல்யாணம் இரிக்கி" என்றார் சாலிஹ். "நாலு கூம்பு கேட்டிருக்காங்க."

பழனிமுத்து கையெழுத்து வைத்தான். மை காயட்டும் என்று நாங்கள் மூவரும் காத்திருந்தோம். மழை நாளில் மை காய நேரம் எடுக்கும். காய்ந்ததும் படிவத்தை மூன்றாக மடித்து உறையில் வைத்தேன். கண்டிக் கந்தோரின் விலாசத்தை எழுதினேன். அனுப்புபவர் என்ற இடத்தில் கடையின் விலாசம். உறையின் வாய்க்குப் பசை தடவி, அடிமட்டத்தால் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை அழுத்தி ஒட்டினேன்.

தபால் கந்தோர் வரைக்கும் மூவரும் நடந்தோம். இரண்டு குடைதான் இருந்தது. ஒன்றில் நான், உறையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு. மற்றதில் அவர்கள், ஆளுக்கொரு தோள் நனைய. ஜன்னலில் இருந்த கிளார்க் உறையை வாங்கித் தராசில் வைத்தார். முத்திரை ஒட்டி, நாலு மணித் தபால் கட்டுப் போகப்போகிறது என்று அவசரமாக இரண்டு குத்துக் குத்தி, பின்னால் வாயைத் திறந்து வைத்திருந்த சாக்குக்குள் போட்டார்.